கத்தி செய்தல்: குடியானவருக்கு ஏற்ற ஓர் உபதொழில்

கதிர் அறுக்க அரிவாள், வேலி முள் வெட்ட வெட்டுக்கத்தி, பாளை சீவப் பாளைக்கத்தி, காய் நறுக்க அரிவாள்மனை என்று கூரிய இரும்பின் துணையின்றிக் கிராமத்தில் ஒரு நாளும் கழிவதில்லை. கொல்லன் தெருவில் ஊசி விலைபோகாது என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. இன்றோ கொல்லன் தெருவிலேயே வெளியூர்க் கத்தி விலைபோகிறது. உலைக்களம் இருந்த இடத்தில் சாம்பல் மேடு மட்டும் எஞ்சியுள்ள ஊர்கள் பல. சந்தையில் வாங்கிய கத்தி ஒரு பருவத்திற்குள் வாய் மழுங்கினால் அதனைத் தீட்டித் தருவதற்கும் ஆள் இல்லை. தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று வாங்கும் நிலை வந்துவிட்டது.

இந்நிலையில், விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே கிடைக்கும் ஓய்வு நாட்களில், தேவைக்கேற்ற கத்திகளைக் கையால் செய்து கொடுப்பதை ஓர் உபதொழிலாக மேற்கொள்ள முடியுமா என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முடியும் என்பதே நமது விடை. ஆனால் அது எளிதன்று. எஃகின் குணம் அறிதல், தீயின் நிறம் அறிதல், வாங்குபவரின் தேவை அறிதல் ஆகிய மூன்றும் கைவந்தவருக்கே இத்தொழில் பலன் தரும்.

பழைய தொழில், புதிய தேவை

இரும்பு நம் நாட்டிற்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில், மூசையில் எஃகு உருக்கியதற்கான உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பழமை உடையது என்று 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த சான்றுகள் அதனினும் முற்பட்டவை என்று 2025ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியின் பெயரைச் சொன்னாலே அரிவாள் நினைவுக்கு வருவது இன்றும் உள்ள வழக்கம். இத்தகைய மரபுடைய நாட்டில் இத்தொழில் நலிந்து போவது வருந்தத்தக்கது.

வெளிநாடுகளில் கைவினைக் கத்தி என்றால் பெரும்பாலும் வேட்டைக் கத்தியையே குறிப்பர். வேட்டையாடுவோர் தம் கைக்கும் வேலைக்கும் ஏற்ற கத்தியைச் சொல்லிச் செய்வித்து, தொழிற்சாலைக் கத்தியைப் போலப் பல மடங்கு விலை தருகின்றனர். சுவீடன் நாட்டில் மோரா என்னும் வட்டாரத்துக் குடியானவர்கள், பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாதபோது கத்தி செய்து விற்றதிலிருந்தே இன்று உலகெங்கும் அறியப்பட்ட மோராக் கத்தித் தொழில் வளர்ந்தது. அங்குப் பனிக்காலம் தந்த ஓய்வை இங்குக் கோடைக்காலம் தருகிறது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துள்ளது. ஆகவே வேட்டைக் கத்தி என்ற பெயரில் இங்கே கத்தி செய்வதற்கும் விற்பதற்கும் இடமில்லை. ஆயினும் அக்கத்தியின் அமைப்பு நமக்குப் பயன்படும். ஏறத்தாழ ஐந்து அங்குல அலகு, கைக்கு அடங்கிய பிடி, தடித்த முதுகு, மெல்லிய வாய், இடுப்பில் செருகத் தோல் உறை ஆகியவை அமைந்த கத்தி, தோட்டத்திலும் தோப்பிலும் வேலை செய்வோருக்கு நாள்தோறும் உதவக்கூடியது. வாழைத்தார் அறுக்க, கயிறு வெட்ட, ஒட்டுக்கட்டும் கிளை சீவ, தீவனம் கட்டவிழ்க்க என்று அதற்கு வேலைகள் பல. இத்தகைய தோட்டக் கத்தி ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டு செய்முறையை இங்கு விளக்குவோம். இதனைக் கற்றவருக்கு அரிவாளும் வெட்டுக்கத்தியும் தாமே வசப்படும்.

எஃகைத் தேர்ந்தெடுத்தல்

எல்லா இரும்பும் கத்தியாகாது. கட்டடக் கம்பியிலும் கதவுச் சட்டத்திலும் உள்ள இரும்பில் கரிமம் மிகக் குறைவு. அதனை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் வாய் கடினப்படாது. லாரி, ஜீப் முதலிய வண்டிகளின் பழைய வில்பட்டையே கிராமக் கொல்லருக்குக் கிடைக்கும் நல்ல எஃகு. அதில் நூற்றுக்கு அரைப்பங்கு முதல் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு வரை கரிமம் உண்டு. கடினமும் வேண்டும், எளிதில் முறியவும் கூடாது என்னும் இரு தேவைகளையும் அது நிறைவேற்றும். பழைய அரம் இதனினும் கடினமான எஃகு. ஆனால் பக்குவம் தவறினால் கண்ணாடிபோல் நொறுங்கும். துருப்பிடிக்காத எஃகு கண்ணுக்கு அழகாயினும், அதற்கு 1,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூடும் அதனை அளந்து நிறுத்தும் உலையும் வேண்டும். கரியுலைக்கு அது ஏற்றதன்று.

கடையில் வாங்கிய பட்டை நல்ல எஃகுதானா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. விரல் நீளத் துண்டு ஒன்றைச் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கவேண்டும். ஆறிய பின் அதன்மேல் அரத்தைத் தேய்த்தால் அரம் பிடிக்காமல் வழுக்கவேண்டும். பின்னர் அதனைத் துணியில் சுற்றிப் பிடிகுறட்டில் வைத்து அடித்தால் வளையாமல் முறியவேண்டும். முறிந்த வாய் சாம்பல் நிறத்தில் மென்மணலைப் போல நுண்மையாக இருப்பின் எஃகும் நல்லது, காய்ச்சிய சூடும் சரியானது. சர்க்கரைப் பருக்கைபோல் மினுமினுத்தால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். முறியாமல் வளைந்தால் அப்பட்டையை வேறு வேலைக்கு ஒதுக்கிவிடுக.

வில்பட்டை பல ஆண்டுகள் பாரம் சுமந்து களைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் அதில் இருக்கக்கூடும். ஆதலால் ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள, துளையில்லாத, வெடிப்பில்லாத பகுதியையே எடுக்கவேண்டும். ஒரு தோட்டக் கத்திக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான எஃகு போதும்.

உலையும் கருவிகளும்

பெரிய பட்டறை வேண்டியதில்லை. தரையில் ஒன்றரை அடி அகலத்தில் களிமண் பூசிய உலைக்குழி, கையால் சுற்றும் ஊதுவிசிறி அல்லது பழைய துருத்தி, பட்டடைக்கல், ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல், நீண்ட கைக்குறடு, தட்டை அரம் இரண்டு, பிடிகுறடு, துளையிடும் கருவி, சாணைக்கல், காந்தத் துண்டு ஆகியவை போதும். பட்டடைக்கல் வாங்க இயலாதவர், தண்டவாளத் துண்டு போன்ற கனத்த இரும்பை உரிய ரசீதுடன் பழைய இரும்புக் கடையில் பெற்றுப் புளியமரக் கட்டையில் பதித்துக்கொள்ளலாம். ரசீதின்றி வாங்குவது ஆபத்து. திருட்டுப் பொருளாயின் வாங்கியவரும் வழக்கில் சிக்குவார்.

எரிபொருளுக்குக் கரி வேண்டும். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் முதலிய மாவட்டங்களில் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குவது நெடுநாள் தொழில். விளைநிலத்தைக் கெடுக்கும் அம்மரம் உலைக்களத்திற்கு நல்ல கரியாகிறது. மரக்கரியில் கந்தகம் இல்லாமையால் எஃகுக்கும் கேடில்லை.

உலைக்குக் கூரை அவசியம். மழைக்காக மட்டுமன்று, நிழலுக்காகவும் அது தேவை. நண்பகல் வெயிலில் இரும்பின் நிறம் கண்ணுக்குப் புலப்படாது. மங்கிய வெளிச்சத்திலேயே செம்மையின் வேறுபாடுகள் தெரியும். அனுபவமுள்ள கொல்லர்கள் தோய்ச்சல் வேலையை மாலைப் பொழுதுக்கு ஒதுக்குவதன் காரணம் இதுவே.

அடித்து உருவாக்குதல்

துண்டை உலையில் இட்டு ஆரஞ்சுப் பழ நிறம் வரும்வரை காய்ச்சி எடுத்து அடிக்கவேண்டும். நிறம் கருஞ்சிவப்புக்கு இறங்கியவுடன் அடிப்பதை நிறுத்தி மீண்டும் உலையில் இடவேண்டும். குளிர்ந்த எஃகை அடித்தால் உள்ளே வெடிப்பு விழும். அவ்வெடிப்பு அப்போது தெரியாது. தோய்க்கும்போதோ, வாங்கியவர் கையிலோதான் தெரியும். வெண்ணிறமாகிப் பொறி பறக்கும்வரை காய்ச்சினால் எஃகு எரிந்துபோகும். எரிந்த எஃகை எவ்வகையிலும் மீட்க முடியாது. அப்பகுதியை வெட்டி எறிவதே வழி.

முதலில் நுனியை அமைத்து, பின் அலகை மெலிவித்து, இறுதியில் பிடிக்குள் செல்லும் காம்புப் பகுதியைத் தட்டையாக்குக. அலகின் ஒரு பக்கத்தை மட்டும் அடித்தால் கத்தி அரிவாள்போல் வளையும்; இரு பக்கமும் சம அடி கொடுக்கவேண்டும். அலகு ஐந்து அங்குல நீளமும், ஒன்றேகால் அங்குல அகலமும், முதுகில் நான்கு மில்லிமீட்டர் கனமும் கொண்டிருப்பின் தோட்ட வேலைக்குப் போதும். காம்பு நான்கரை அங்குலம் இருக்கட்டும்.

உருவம் அமைந்தபின், எஃகின் உள் இறுக்கம் தளர்வதற்காக மூன்று முறை காய்ச்சிக் காற்றில் ஆறவிடவேண்டும். எவ்வளவு காய்ச்சுவது என்பதற்குக் காந்தமே வழிகாட்டி. எஃகு ஏறத்தாழ 770 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது காந்தம் அதனை இழுப்பதில்லை. அந்நிலையைச் சற்றே தாண்டியவுடன் எடுத்து ஆறவிடுக. மூன்றாம் முறைக்குப் பின் மீண்டும் ஒருமுறை அதே அளவு காய்ச்சி, உலர்ந்த சாம்பலில் புதைத்து இரவு முழுவதும் விட்டால், காலையில் அரம் பிடிக்குமளவு எஃகு மென்மையாகியிருக்கும்.

அதன்பின் அரத்தால் இரு பக்கமும் சரிவாக அராவி வடிவத்தை ஒழுங்குபடுத்துக. பிடியில் ஆணி இறங்கவேண்டிய துளைகளை இப்போதே இடவேண்டும். தோய்த்தபின் துளையிட முடியாது. வாயை முற்றும் மெல்லியதாக்கிவிடாமல் ஒரு மில்லிமீட்டர் கனம், அதாவது ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்திற்குச் சற்றுக் குறைவாக, விட்டுவைக்கவேண்டும். மிக மெல்லிய வாய் தோய்ச்சலில் கோணும் அல்லது வெடிக்கும்.

தோய்ச்சலும் பதமும்

கத்தியின் உயிர் தோய்ச்சலில் இருக்கிறது. இதுவரை செய்த வேலை அத்தனையும் சில நொடிகளில் பயன்படுவதும் பாழாவதும் இக்கட்டத்தில்தான்.

மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் நான்கு லிட்டர் அளவு கடலை எண்ணெய் போன்ற தாவர எண்ணெயை ஊற்றி, கை பொறுக்குமளவினும் சற்று மிகுதியாக, 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கிக்கொள்க. வில்பட்டை எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிப்பதற்கே வாய்ப்பு அதிகம். வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயையும் பயன்படுத்தலாகாது; அதன் புகை நஞ்சு. அலகு முழுதும் ஒரே நிறமாகக் காய்ந்து, காந்தம் இழுக்காத நிலையைத் தாண்டி மேலும் ஒரு சாயல் ஒளிர்ந்தவுடன், நுனி முன்னாக நேரே எண்ணெயில் இறக்கவேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் அலகு கோணும். முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்கலாம். புகை அடங்கியபின் எடுத்து அரத்தால் சோதித்தால் அரம் வழுக்கவேண்டும்.

இந்நிலையில் கத்தி மிகக் கடினமாக இருக்கும். ஆனால் கீழே விழுந்தாலே முறியக்கூடும். ஆகவே அதனை மீண்டும் இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்தவேண்டும். தொடக்கத்தில் பலர் தவறுவது இங்கேதான். நமது வட்டாரத்தில் பயிற்சி பெற்ற இளங்குடியானவர் ஒருவர், தாம் செய்த முதற் கத்தியை மாலையில் தோய்த்துவிட்டு, பதப்படுத்துவதை மறுநாளைக்கு ஒத்திவைத்தார். மறுநாள் வயல் வேலை வந்தது. அதன் மறுநாள் பதம் பார்க்காமலே பிடி போட்டு ஓர் இளநீர்க் கடைக்குக் கொடுத்துவிட்டார். மூன்றாவது இளநீரில் கத்தி இரண்டாக முறிந்தது. துண்டு கடைக்காரரின் தோளை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. காயம் சிறிதாயினும் நேர்ந்திருக்கக்கூடியது பெரிது. அவருக்குக் கற்றுக்கொடுத்த முதிய கொல்லரிடம் அத்துண்டைக் காட்டியபோது அவர் கோபிக்கவில்லை. "தம்பி, தோய்ச்ச கத்தியை ராத்தங்க விடாதே" என்று மட்டும் சொன்னார். அவ்விளைஞர் இன்றும் அத்துண்டைத் தம் பட்டறைத் தூணில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறார்.

பதப்படுத்தும் முறை இது. அலகின் ஒரு பக்கத்தை உப்புத்தாளால் வெண்மையாகத் தேய்த்துக்கொள்க. கனத்த இரும்புக் கட்டி ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி, அதன்மேல் கத்தியின் முதுகு படும்படி பிடித்தால், முதுகிலிருந்து வாயை நோக்கி நிறங்கள் ஓடிவரும். முதலில் வைக்கோல் நிறம், பின் பழுப்பு, பின் ஊதா, இறுதியில் நீலம். வாயில் வைக்கோல் நிறம் தோன்றும்போது சூடு 220 டிகிரி அளவு, பழுப்பு 255, ஊதா 280, நீலம் 300. தோட்டக் கத்திக்கும் காய்கறிக் கத்திக்கும் வாய் வைக்கோல் நிறம் அடைந்தவுடன் தண்ணீரில் இட்டு நிறுத்தவேண்டும். வெட்டுக்கத்திக்குப் பழுப்பு வரையிலும், கட்டையை ஓங்கி வெட்டும் அரிவாளுக்கு ஊதா வரையிலும் விடலாம். முதுகு நீலமாகப் போவது நல்லதே. அது வளையுமேயன்றி முறியாது.

நிறம் பார்த்துப் பழகாதவருக்கு எளிய வழி ஒன்று உண்டு. அருகிலுள்ள பேக்கரியில் ரொட்டி சுடும் அடுப்பு 200 டிகிரியை ஒட்டி இருக்கும். வெப்பமானியால் சூட்டை உறுதி செய்துகொண்டு, எண்ணெய் துடைத்த கத்திகளை அதில் ஒரு மணி நேரம் வீதம் இருமுறை வைத்தெடுத்தால், பல கத்திகளுக்கும் ஒரே பதம் அமையும்.

சாணை, பிடி, உறை

தீட்டும்போது கத்தியை அடிக்கடி தண்ணீரில் நனைக்கவேண்டும். மின்சாணையில் வாய் நீலம் பூத்தால் அவ்விடத்தில் பதம் போயிற்று என்று அறிக. பக்கத்திற்கு 20 பாகைச் சரிவு தோட்டக் கத்திக்குப் போதும். வெட்டுக்கத்திக்கு 25 முதல் 30 பாகை வேண்டும். இறுதியில் தோல்பட்டையில் இழுத்துப் பிசிறு நீக்குக.

பிடிக்குக் கருவேலம், பூவரசு, புளி, தேக்கு முதலிய நன்கு உலர்ந்த மரங்கள் ஏற்றவை. இரு துண்டுகளாகக் காம்பின் இரு பக்கமும் வைத்து, பித்தளை ஆணி இரண்டு இறக்கி முளையடித்து, ஆளிவிதை எண்ணெய் ஊட்டுக. பிடி அழகைவிடக் கைக்கு அடக்கம் என்பதே முக்கியம். சொல்லிச் செய்யும் கத்தியின் சிறப்பு இங்கேதான் உள்ளது. வாங்குபவரை நேரில் வரவழைத்து, உள்ளங்கையை அளந்து, எந்த வேலைக்கு, எந்தக் கைக்கு என்று கேட்டறிந்து பிடி அமைக்கவேண்டும். இடக்கைப் பழக்கமுள்ள பெண்ணொருவருக்கு இடக்கைச் சரிவுடன் அரிவாள் செய்துதரத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் முன்வருவதில்லை. நம்மூர்ப் பட்டறையால் அது முடியும்.

மான்கொம்பு, யானைத்தந்தம் முதலியவற்றால் பிடி போடும்படி யாரேனும் கேட்டால் மறுத்துவிடுக. காட்டில் உதிர்ந்து கிடந்த கொம்பே என்று சொன்னாலும் அதனை வைத்திருப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றமாகும்.

உடல் நலம்

பட்டறையில் பருத்தி உடையே உடுத்தவேண்டும். நைலான் துணி பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடிக்கும்போதும் அரைக்கும்போதும் கண்ணாடி அணிக. சாணைத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். மூக்கையும் வாயையும் மறைக்கும் முகமூடி தேவை. துத்தநாகப் பூச்சுள்ள குழாயையும் தகட்டையும் உலையில் இடவே கூடாது. அதன் புகையால் கடும் காய்ச்சல் உண்டாகும். தோய்ச்சல் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுக; அருகில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும். தீப்புண் பட்டால் மை, பற்பசை முதலியவற்றைத் தடவாமல், ஓடும் நீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்க. சிறுவர்களைப் பட்டறை வேலைக்கு வைப்பது சட்டவிரோதம், அறமும் அன்று.

வரவு செலவுக் கணக்கு

பழகிய கையால் ஒரு தோட்டக் கத்தி செய்ய ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பதற்கு ஒன்றரை, அராவுவதற்கு இரண்டரை, தோய்ச்சலுக்கும் பதத்திற்கும் ஒன்று, பிடிக்கு ஒன்றரை, தீட்ட அரை மணி. புதியவருக்கு இதைப்போல ஒன்றரை மடங்கு ஆகும். தம் ஒரு நாள் உழைப்பை எட்டு மணிக்கு 600 ரூபாய் என்று மதிப்பிடுபவருக்கு, மணிக்கு 75 ரூபாய் வீதம் கூலி மட்டும் 525 ரூபாய் ஆகிறது. எஃகு, கரி, எண்ணெய், மரம், ஆணி ஆகியவற்றிற்கு 120 ரூபாய் எனக் கொண்டால் அடக்கம் 645 ரூபாய். ஆறு கத்திகளை ஒரே தீயில் சேர்த்துச் செய்தால் நேரமும் கரியும் மிச்சமாகி அடக்கம் குறையும். இத்தொகைகள் கணக்கின் முறையைக் காட்டுவதற்கே. அவரவர் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்க.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை விளங்கும். சந்தையில் குவித்து விற்கும் மலிவான கத்தியோடு விலையில் போட்டியிட முடியாது. போட்டியிட முயல்பவர் தம் உழைப்பை இலவசமாகக் கொடுப்பவராவார். நீடித்த உழைப்பு, கைக்கேற்ற அமைப்பு, மழுங்கினால் மீண்டும் தீட்டித் தரும் உறுதி ஆகிய மூன்றையும் தருபவரே உரிய விலை கேட்கலாம். முறிந்தால் மாற்றித் தருவேன் என்று சொல்லும் துணிவும் அவருக்கு வேண்டும். மேலும், புதுக் கத்தி விற்பதைவிடப் பழைய அரிவாள் அடித்துத் தருவதும் சாணை பிடிப்பதுமே முதலாண்டில் கைச்செலவுக்கு உதவும். அறுவடைக்கு முந்தைய மாதம் அவ்வேலைக்கு நல்ல பருவம்.

சட்டமும் பொறுப்பும்

கத்தி செய்பவர் சட்டத்தையும் அறிந்திருக்கவேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளின்படி, ஒன்பது அங்குலத்திற்கு மேற்பட்ட நீளமோ இரண்டு அங்குலத்திற்கு மேற்பட்ட அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள், வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றின் பயனுக்காக அமைந்தவை நீங்கலாக, ஆயுத வகையைச் சேரும். வாளும் குத்துவாளும் எவ்வாறாயினும் ஆயுதங்களே. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை, கத்தி, அரிவாள் செய்வோரும் விற்போரும் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் குறித்துவைக்கவேண்டும் என்று அறிவுறுத்தியது.

இதனைத் தொல்லை என்று கருதலாகாது. சில ஆண்டுகளாக அரிவாள் என்ற சொல்லே அச்சம் தருவதாகிவிட்டது. உழைப்பவன் கையில் இருந்த கருவி, பகையும் வெறியும் கொண்டோர் கையில் ஆயுதமாகிறது. பழியோ கொல்லர் தெருவின்மேல் விழுகிறது. முன்பு சொன்ன முதிய கொல்லரிடம் ஒரு பொழுது அயலூர் இளைஞர் இருவர் வந்து, மூன்றடி நீளத்தில் அரிவாள் வேண்டும், கேட்ட விலை தருகிறோம் என்றனர். எந்தப் பயிருக்கு என்று அவர் கேட்டார். விடை வரவில்லை. அவர் உலையை அணைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அன்று அவருக்கு வேறு வரும்படி இல்லை. எந்தப் பயிருக்கு என்னும் அக்கேள்வியே இத்தொழிலின் முதற் சட்டம் என்று நாம் கருதுகிறோம். பதிவேட்டில் பெயரும் முகவரியும் போலவே, எந்த வேலைக்கு என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

நமது வட்டாரத்தில் முதலில் இம்முயற்சியைத் தொடங்கியபோது நாம் செய்த தவறு ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கொட்டகை போட்டோம், ஊதுவிசிறியும் மின்சாணையும் வாங்கினோம், பயிற்சியும் நடந்தது, புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். ஆறு மாதம் கழித்துச் சென்றபோது உலை குளிர்ந்திருந்தது. செய்வதற்குக் கற்றுக்கொடுத்த நாம், யார் வாங்குவார் என்று கேட்கவில்லை. ஒரே வடிவில் செய்த கத்திகள் தேங்கிக் கிடந்தன. பின்னர் அம்முதியவரின் யோசனைப்படி, கிராம சபைக் கூட்டத்திலேயே எவருக்கு எந்தக் கருவி வேண்டும் என்று கேட்டு எழுதினோம். தென்னை ஏறுவோர், ஆடு வளர்ப்போர், பூப்பறிக்கும் பெண்கள் என்று ஒவ்வொருவர் தேவையும் வெவ்வேறாக இருந்தது. அப்பட்டியலே உலையை மீண்டும் மூட்டியது. பயிற்சி பெற்றவர்களில் சிலரே இன்று தொழிலில் நிற்கின்றனர். எனினும் அச்சிலர் கைவிடாமல் நிற்கின்றனர்.

இந்த அனுபவத்தைக் கொண்டு பஞ்சாயத்துகளுக்கு நாம் கூறுவன இவை. முதலாவது, ஊரில் எஞ்சியுள்ள முதிய கொல்லரைத் தேடிக் கண்டு, அவர் கைத்திறன் அவரோடு மறைவதற்குள் இருவருக்கேனும் கற்றுத்தரச் செய்க. அதற்குரிய மதிப்பூதியமும் தருக. கற்க விரும்பும் எவரையும் குலம் பார்த்து விலக்காதீர், பெண்களையும் சேர்த்துக்கொள்க. இரண்டாவது, குடியிருப்புக்குச் சற்று விலகிய இடத்தில் பொதுவான உலைக்கூடம் அமைத்தால் பட்டடையும் சாணையும் பலருக்குப் பயன்படும். மூன்றாவது, தோல் உறை தைக்கும் வேலையை மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கலாம். நான்காவது, வாரச் சந்தையில் சாணை பிடிக்க ஒரு நிலையான இடம் ஒதுக்குக. ஐந்தாவது, விற்பனைப் பதிவேட்டை மாதந்தோறும் பார்வையிடுக.

கடன் வசதி வேண்டுவோர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். 2025ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில், 35 வயது நிறைந்த கைவினைஞருக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் நான்கில் ஒரு பங்கு, 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமும் வகுக்கப்பட்டன. விண்ணப்பிக்குமுன் நடைமுறையில் உள்ள விதிகளை அம்மையத்தில் கேட்டறிவது நலம். ஆயினும் கடன் வாங்கித் தொடங்குவதைவிட, ஒரு பருவம் பொது உலைக்கூடத்தில் உழைத்துப் பார்த்துவிட்டுப் பின்னர் கடனை நாடுவதே அறிவுடைமை.

விவசாயப் பெருமக்களே! வரும் கோடையில் உங்கள் வீட்டு மூலையில் மழுங்கிக் கிடக்கும் அரிவாள்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் சில உங்கள் பாட்டனார் காலத்தவையாக இருக்கும். அவற்றின் எஃகு இன்னும் உயிரோடு இருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு ஊர்க் கொல்லரிடம் செல்லுங்கள். அவர் உலை மூட்டும்போது உடன் நின்று துருத்தி ஊதிக் கொடுங்கள். நிறம் எப்போது மாறுகிறது என்று அவர் காட்டுவார். அங்கிருந்தே இத்தொழிலைக் கற்கத் தொடங்கலாம்.